கழுத்து நெறியின் மர்மம் கண்ட டாக்டர் ஹாட்ஜ்கின்

ராயபுரம் பழைய ஜெயில் ரோட்டில் இருக்கிறது ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வட சென்னை மக்கள் அதற்கு வைத்த பெயர் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி. 1782-ம் ஆண்டில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் பிற்காலத்தில் இந்தப் பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்தது.

காசிமேட்டில் வலை இழுப்பவர், துறைமுகத்தில் சரக்கு ஏற்றுபவர், எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஆலை வேலைக்குப் போகிறவர் என்று எல்லோரும் வரும் இடம் அது. அவர்களில் சிலர் கழுத்தைத் தடவிக்கொண்டே வருவார்கள். காதுக்குக் கீழே நெறி கட்டியிருக்கும்.

நெறி கட்டுவது புதிய விஷயம் அல்ல. காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும். சொத்தைப் பல் வலித்தால் தாடைக்குக் கீழே கட்டும். உடம்புக்குள் நுழைந்த கிருமிகளை எதிர்த்து நிற்கும் காவல் நிலையங்கள் அவை. டாக்டர்கள் அவற்றை நிணநீர்ச் சுரப்பிகள் என்பார்கள். கிருமி ஒழிந்ததும் வீக்கம் வடிந்துவிடும்.

வடியாத நெறிகளும் உண்டு. வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். வலி இராது. ஆகையால் பலர் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். நம் நாட்டில் அதற்கு ஒரு முக்கியக் காரணம் காசநோய். கண்டமாலை என்று பெரியவர்கள் சொன்னது பெரும்பாலும் அதைத்தான். ஆனால் எல்லாமே காசநோய் அல்ல. சில நெறிகள் புற்றுநோயாக இருக்கும். லிம்போமா என்று அதற்குப் பெயர். அதில் ஒரு வகைக்கு மட்டும் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு மனிதரின் பெயரை எழுதுவார்கள்.

ஹாட்ஜ்கின்!

யார் இந்த ஹாட்ஜ்கின்? அவர் பெயர் ஏன் ஒரு நோய்க்கு வந்தது?

எளிய குடும்பம்

தாமஸ் ஹாட்ஜ்கின் 1798-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி லண்டன் நகரின் பென்டன்வில் என்ற பகுதியில் பிறந்தார். தந்தை வீடுகளுக்குச் சென்று பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர். குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது.

குவேக்கர்கள் ஆடம்பரத்தை வெறுத்தவர்கள். சாயம் குறைந்த சாதாரண உடைதான் அணிவார்கள். பிரபுவாக இருந்தாலும் தொப்பியைக் கழற்றி வணங்க மாட்டார்கள். போருக்குப் போக மாட்டார்கள். அடிமை வியாபாரத்தை முதலில் எதிர்த்தவர்களில் அவர்களும் உண்டு.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு விலையும் இருந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய பெரிய சர்வகலாசாலைகளில் அந்த நாளில் அவர்கள் பட்டம் பெற முடியாது. ஆகவே தாமஸ் முதலில் ஒரு மருந்துக் கடையில் தொழில் பழகினார். பிறகு லண்டனில் உள்ள கைஸ் ஆஸ்பத்திரியில் படித்தார். அதன்பின் ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோவுக்குச் சென்றார். 1823-ம் ஆண்டில் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். பட்டத்துக்காக அவர் எழுதிய ஆராய்ச்சி, உடம்பு திரவங்களை உறிஞ்சிக் கொள்ளும் விதத்தைப் பற்றியது. நிணநீர்க் குழாய்களின் வேலையே அதுதான். இளம் வயதிலேயே அவருடைய கவனம் அங்கே போய்விட்டது.

மரக் குழாயும் பூக்களும்

படிப்புக்கு நடுவே அவர் பாரிஸ் நகருக்குப் போனார். அங்கே லென்னக் என்ற டாக்டர் ஒரு மரக் குழாயை நோயாளியின் மார்பில் வைத்து இதயத் துடிப்பையும் மூச்சையும் கேட்டுக் கொண்டிருந்தார். இன்று எல்லா டாக்டர்களின் கழுத்திலும் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பின் முதல் உருவம் அந்த மரக் குழாய்தான்.

ஹாட்ஜ்கின் அதன் அருமையை உடனே உணர்ந்தார். உடம்பைக் கிழிக்காமல் உள்ளே நடப்பதை அறிய ஒரு வழி கிடைத்துவிட்டது அல்லவா! 1822-ம் ஆண்டில் கைஸ் ஆஸ்பத்திரியில் அதைப் பற்றி விளக்கிப் பேசினார். பெரிய டாக்டர்கள் அவ்வளவாக வரவேற்கவில்லை. அந்தக் குழாயில் யாரோ பூக்களைச் செருகிப் பூச்சாடியாக்கிக் கேலி செய்தார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு.

பிணங்களின் நடுவே

கைஸ் ஆஸ்பத்திரியின் கதையும் கஞ்சித் தொட்டியின் கதையைப் போன்றதே. தாமஸ் கை என்ற புத்தக வியாபாரி தம் செல்வத்தைக் கொடுத்து ஏழைகளுக்காகக் கட்டியது அது. 1725-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. நூறு ஆண்டு கழித்து ஹாட்ஜ்கின் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்.

என்ன வேலை? இறந்தவர்களின் உடலை அறுத்துச் சோதிக்கும் வேலை. நோய் எந்த உறுப்பை எப்படிக் கெடுத்தது என்று பார்க்க வேண்டும். அந்த உறுப்புகளைச் சாராயத்தில் ஊறவைத்துக் கண்ணாடிக் குப்பிகளில் பாதுகாக்க வேண்டும். மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். பலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும் இடத்தில் அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். ஒவ்வொரு குப்பிக்கும் எண் இட்டார். நோயாளி யார், என்ன துன்பப்பட்டார், உள்ளே கண்டது என்ன என்று எழுதி வைத்தார்.

1826-ம் ஆண்டில் ஒரு சிறுவன் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தான். சுமார் ஒன்பது வயது. கழுத்தில் நெறிகள் பெருத்திருந்தன. வயிறும் வீங்கியிருந்தது. டாக்டர்கள் தங்களுக்குத் தெரிந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பயன் இல்லை. அவன் இறந்துவிட்டான்.

ஹாட்ஜ்கின் உள்ளே பார்த்தார். கழுத்திலிருந்து வயிறு வரை நெறிகள் கொத்துக் கொத்தாகப் பெருத்திருந்தன. மண்ணீரலிலும் நோய் தெரிந்தது.

நெறி வீங்கினால் அது வேறு ஏதோ நோயின் விளைவு, பெரும்பாலும் காசநோயின் விளைவு என்பதே அன்று டாக்டர்களின் நினைப்பு. ஹாட்ஜ்கினுக்கு அது சரியாகப் படவில்லை. காசநோய் நெறி பழுத்துச் சீழ் பிடிக்கும். இது அப்படி இல்லை. இது நெறியிலேயே பிறந்து நெறியிலேயே வளரும் தனி நோய் என்று அவருக்குத் தோன்றியது. இதே மாதிரி வேறு சிலரையும் பார்த்தார். பழைய குறிப்புகளையும் தேடினார்.

ஏழு பேரின் கதை

1832-ம் ஆண்டு ஜனவரி மாதம். லண்டனில் டாக்டர்கள் சங்கத்தின் கூட்டம் நடந்தது. ஹாட்ஜ்கின் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் அல்ல. ஆகவே அவர் எழுதிய கட்டுரையை ராபர்ட் லீ என்ற டாக்டர் படித்தார். ஏழு நோயாளிகளின் வரலாறு அதில் இருந்தது. ஏழாமவரை ஹாட்ஜ்கின் நேரில் பார்த்தது கூட இல்லை. கார்ஸ்வெல் என்ற நண்பர் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்தே, அதுவும் இதே நோய்தான் என்று தீர்மானித்தார்.

கூட்டம் கேட்டது. கலைந்தது. அவ்வளவுதான்! அந்தக் கட்டுரையைப் பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள். ஹாட்ஜ்கினுக்கு அப்போது வயது 33.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவர் இவ்வளவையும் கண்டது வெறும் கண்ணால். அவருக்கு நுண்ணோக்கி தெரியாது என்று நினைக்க வேண்டாம். 1827-ம் ஆண்டிலேயே லிஸ்டர் என்ற நண்பர் செய்த உயர்ந்த நுண்ணோக்கியில் இருவரும் சேர்ந்து மனித ரத்தத்தை ஆராய்ந்தார்கள். சிவப்பு அணுக்கள் உருண்டை அல்ல, இரு பக்கமும் குழிந்த வட்டங்கள் என்று உலகத்துக்குச் சொன்னார்கள்.

அதே 1827-ம் ஆண்டு. அதே லண்டன் நகரம். ராபர்ட் பிரௌன் என்ற தாவர நிபுணரும் ஒரு நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பூவின் மகரந்தத்திலிருந்து வந்த சின்னஞ்சிறு துகள்கள் தண்ணீரில் மிதந்தன. அவை சும்மா இருக்கவில்லை. ஓயாமல் துள்ளின. உயிர் இருப்பதால் துள்ளுகிறதோ என்று கல் தூளைப் போட்டுப் பார்த்தார். அதுவும் துள்ளியது!

ஹாட்ஜ்கின் கண்ட நெறிக்கும் பிரௌன் கண்ட துள்ளலுக்கும் என்ன சம்பந்தம்? அன்று யாருக்கும் தெரியாது. அது பின்னால் வருகிறது.

பறிபோன பதவி

1837-ம் ஆண்டில் கைஸ் ஆஸ்பத்திரியில் ஒரு பதவி காலியாயிற்று. நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கும் உதவி டாக்டர் பதவி. ஹாட்ஜ்கினுக்குத்தான் அது கிடைக்கும் என்று பலரும் நினைத்தார்கள். பத்து ஆண்டுக்கு மேல் உழைத்தவர், அறிவாளி, மாணவர்களுக்குப் பிரியமானவர்.

ஆனால் முடிவு செய்ய வேண்டியவர் பெஞ்சமின் ஹாரிசன். ஆஸ்பத்திரியின் பொருளாளர் என்று பெயரே தவிர, அங்கே அவர் வைத்ததே சட்டம். அவர் இன்னொரு இடத்திலும் பெரிய புள்ளி. கனடாவில் தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் நிர்வாகிகளில் ஒருவர். நம் நாட்டுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி எப்படியோ, அந்த நாட்டுக்கு அந்தக் கம்பெனி அப்படி.

அந்த மண்ணின் பூர்வ குடிகளுக்குச் சாராயம் கொடுத்துத் தோலை வாங்குகிறார்கள். அவர்கள் குடித்துக் கெட்டு அழிகிறார்கள். இதை அறிந்த ஹாட்ஜ்கினால் சும்மா இருக்க முடியவில்லை. ஹாரிசனிடமே அதைப் பற்றி முறையிட்டார். தமக்குச் சோறு போடுகிற இடத்தின் தலைவரிடமே இப்படிச் சொன்னால் என்ன நடக்கும்? அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

பதவி வேறொருவருக்குப் போயிற்று. இந்த முறையீடு ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது ஹாரிசனின் கோபத்தை வளர்த்தது என்பதில் சந்தேகம் இல்லை. ஹாட்ஜ்கின் தம் வேலையை ராஜினாமா செய்தார். தாம் எண் இட்டு வைத்த குப்பிகளை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறினார்.

அதே ஆண்டில் உலகெங்கும் உள்ள பூர்வ குடிகளைக் காக்க ஒரு சங்கம் அமைந்தது. அதை ஏற்படுத்துவதில் முன்நின்றவர் ஹாட்ஜ்கின்தான். சாகும்வரை அதற்காக உழைத்தார்.

சொந்த வாழ்விலும் அவருக்கு ஏமாற்றம் இருந்தது. சாரா காட்லீ என்ற உறவுப் பெண்ணை அவர் நேசித்தார். நம் ஊரில் உறவுக்குள் சம்பந்தம் செய்வது புதிதல்ல. குவேக்கர்கள் அதை அனுமதிக்கவில்லை. தம் சமூகத்தை எதிர்த்து வெளியேறவும் அவர் மனம் ஒப்பவில்லை. பல ஆண்டு தனியாகவே இருந்தார். 1850-ம் ஆண்டில், 50 வயதைத் தாண்டிய பிறகு, ஒரு விதவையை மணந்தார். குழந்தைகள் இல்லை.

டாக்டர் தொழிலில் அவர் பணம் சேர்க்கவில்லை. ஏழைகளிடம் கேட்கவே மாட்டார். ஒரு பணக்காரர் வீட்டில் இரவெல்லாம் கண் விழித்து வைத்தியம் பார்த்தாராம். காலையில் அவர் தொகை எழுதாத செக்கை நீட்டினாராம். ஹாட்ஜ்கின் மிகச் சிறிய தொகையை எழுதிக்கொண்டாராம். தம்மைப் பார்த்தால் அதற்குமேல் கொடுக்க வசதி இல்லாதவர்போல் தெரிந்ததா என்று பணக்காரருக்குக் கோபம் வந்து, மறுபடி கூப்பிடவே இல்லையாம்! இதுவும் ஒரு கதைதான். ஆனால் அவரை அறிந்தவர்கள் யாரும் இதை நம்ப மறுத்ததாகத் தெரியவில்லை.

தூர தேசத்தில் மரணம்

அவருக்கு மோசஸ் மான்டிபியோர் என்ற யூத சீமான் நெருங்கிய நண்பர். கஷ்டப்படும் யூதர்களுக்கு உதவ அவர் நாடு நாடாகப் போவார். கூடவே ஹாட்ஜ்கினும் போவார். மொராக்கோவுக்கும் போனார்கள்.

1866-ம் ஆண்டில் இருவரும் பாலஸ்தீனத்துக்குப் புறப்பட்டார்கள். வழியில் ஹாட்ஜ்கினுக்கு வயிற்றுக் கடுப்பு கண்டது. ஜாஃபா துறைமுகத்தில் படுத்துவிட்டார். ஏப்ரல் மாத ஆரம்பத்தில் அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 67. அந்த மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். மான்டிபியோர் தம் நண்பனுக்கு ஒரு கல் தூண் எழுப்பினார்.

இறப்பதற்கு முந்தின ஆண்டு, 1865-ல், ஒரு காரியம் நடந்தது. கைஸ் ஆஸ்பத்திரியில் சாமுவேல் வில்க்ஸ் என்ற இளம் டாக்டர் நெறி நோயை ஆராய்ந்து, தாம் புதிதாக ஒன்றைக் கண்டதாக நினைத்திருந்தார். பிறகு பழைய ஏடுகளைப் பார்த்தபோது ஹாட்ஜ்கின் அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருப்பது தெரிந்தது. இன்னொருவராக இருந்தால் மூடி மறைத்திருப்பார். வில்க்ஸ் 1865-ல் எழுதிய கட்டுரையில் அந்த நோய்க்கு ஹாட்ஜ்கின் நோய் என்றே பெயர் சூட்டிவிட்டார். பதவி தர மறுத்த ஆஸ்பத்திரியிலிருந்தே அந்தப் பெயர் உலகம் முழுவதும் பரவியது.

கத்தி படாமல் பார்க்க

ஹாட்ஜ்கினால் உள்நெறிகளைப் பார்க்க முடிந்தது நோயாளி இறந்த பிறகுதான். கழுத்தில் உள்ளதைத் தடவிப் பார்க்கலாம். மார்புக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இருப்பதை உயிரோடு இருக்கும் மனிதரிடம் எப்படிப் பார்ப்பது? எக்ஸ்ரே வந்தது. பிறகு சி.டி. ஸ்கேன் வந்தது. அவை நெறி எவ்வளவு பெரிது என்று காட்டும். ஆனால் பெரிதாக இருப்பதெல்லாம் புற்றுநோய் அல்ல. சிறிதாக இருப்பதெல்லாம் நல்லதும் அல்ல.

இங்கேதான் பிரௌன் கண்ட துள்ளல் வருகிறது.

அந்தத் துள்ளலுக்குக் காரணம், தண்ணீரின் கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் ஓயாமல் ஓடி மோதுவதுதான் என்று 1905-ம் ஆண்டில் ஐன்ஸ்டீன் விளக்கினார். நம் உடம்பில் பெரும் பகுதி தண்ணீர். அதுவும் இப்படித்தான் ஓடிக்கொண்டே இருக்கிறது.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை விடியற்காலையில் நினைத்துப் பாருங்கள். ஏலம் நடக்கிறது. கூடைகளும் ஐஸ் பெட்டிகளும் ஆட்களுமாக நெருக்கியடிக்கிறார்கள். ஒரு சிறுவன் அதற்குள் நுழைந்தால் நாலு அடி நகர்வதே கஷ்டம். ஏலம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அதே சிறுவன் இஷ்டம்போல் ஓடலாம்.

நெறிக்குள் இருக்கும் தண்ணீரும் அந்தச் சிறுவனைப் போன்றதுதான். லிம்போமா வந்த நெறியில் அணுக்கள் இடைவெளி இல்லாமல் நெருங்கிப் பெருகிவிடும். தண்ணீர் ஓட இடம் இராது. எம்.ஆர்.ஐ. மெஷின் பெரிய காந்தம். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணு தரும் சமிக்ஞையை வாங்கிப் படம் எடுப்பது அது. அதில் காந்த விசையை ஒரு குறிப்பிட்ட விதத்தில் மாற்றினால், ஓடுகிற தண்ணீரின் சமிக்ஞை மங்கும். நகர முடியாமல் நிற்கும் தண்ணீர் பளிச்சென்று தெரியும். டிஃபியூஷன் முறை என்று இதற்குப் பெயர். 1980-களின் நடுவில் பிரான்ஸ் நாட்டு டாக்டர் லெ பியான் இதை மனித உடம்பைப் படம் பிடிக்கும் வேலைக்குக் கொண்டுவந்தார். முதலில் மூளைக்குப் பயன்பட்டது. பிறகு தலை முதல் தொடை வரை முழு உடம்பையும் எடுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இன்னொரு பயனும் உண்டு. மருந்து கொடுத்ததும் கெட்ட அணுக்கள் மடியத் தொடங்கும். நெறி வெளியே அதே அளவில் இருக்கும்போதே உள்ளே இடைவெளி விழும். தண்ணீர் ஓடத் தொடங்கும். டாக்டர்கள் அந்த ஓட்டத்தை எண்ணாகக் கணக்கிடுகிறார்கள். எண் உயர்ந்தால், மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம்.

ஆனால் இதையே முழுக்க நம்பிவிடக் கூடாது. நோயில்லாத நெறியும் மண்ணீரலும்கூட இந்தப் படத்தில் ஓரளவு பளிச்சென்றுதான் தெரியும். காசநோய் நெறியும் அப்படித் தெரிவது உண்டு. ஹாட்ஜ்கினைக் குழப்பிய அதே காசநோய் இன்றும் குழப்புகிறது! ஆகவே நெறியை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்காமல் எந்த டாக்டரும் லிம்போமா என்று முடிவு கட்டுவதில்லை. நோய் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்க்கப் பல இடங்களில் முதலில் எடுப்பது பெட்-சி.டி. ஸ்கேன்தான். அதில் கதிர்வீச்சு உண்டு. எம்.ஆர்.ஐ.யில் அது இல்லை. அதனால்தான் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், திரும்பத் திரும்பப் படம் எடுக்க வேண்டியவர்களுக்கும் டாக்டர்கள் இந்த முறையை நாடுகிறார்கள். செலவும் நேரமும் பிடிக்கும். அரைமணி, முக்கால் மணி நேரம் அந்தக் குகை போன்ற மெஷினில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஒன்பது வயதுப் பையனுக்கு அது பெரிய தவம்தான்.

இன்று ஹாட்ஜ்கின் நோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர், காலத்தோடு சிகிச்சை பெற்றால், பிழைத்து எழுந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். 1826-ல் கைஸ் ஆஸ்பத்திரிக்கு வந்த பையனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அன்று ஹாட்ஜ்கின் எடுத்து வைத்த நெறிகளை 1926-ம் ஆண்டில் ஹெர்பர்ட் ஃபாக்ஸ் என்ற டாக்டர் நுண்ணோக்கியில் சோதித்தார். ஏறக்குறைய நூறு ஆண்டு ஊறிய நெறிகள். வெறும் கண்ணால் பார்த்து அவர் எழுதியது, சோதிக்க முடிந்தவற்றில் சிலவற்றுக்குச் சரியாகவே இருந்தது. அந்தக் கண்ணாடிக் குப்பிகள் இன்னும் லண்டனில், கைஸ் ஆஸ்பத்திரி வளாகத்தில் உள்ள கார்டன் மியூசியத்தில் இருக்கின்றன.